பேயும் வேணும், பிள்ளையும் தூங்கணும்: சாபப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலை பிள்ளைகளுக்குப் படம் போடுவது என் பொறுப்பு. பேய், சூனியம், சாபம் என்று எந்தப் படத்தை அறிவித்தாலும் வாட்ஸப்பில் அதே சந்தேகங்கள்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: சில படங்களின் முடிவைச் சொல்லாமல் பதில் சொல்ல வழியில்லை. இது பெற்றோருக்கான பக்கம், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

பேய்ப் படத்தைக் குழந்தைங்களுக்கு எதுக்குக் காட்டணும்? வேற படமே இல்லையா?

படம் நிறைய இருக்கிறது. காட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் கேட்பது அவர்கள்தான். பேச்சு நன்றாக வந்ததுமே "பயமா ஒரு கதை சொல்லு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். முருங்கை மரத்து வேதாளத்தை நாமும் அந்த வயதில்தான் கேட்டோம். பக்கத்தில் ஆள் இருக்கும்போது பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

நாம் காட்டாவிட்டால் யாராவது ஒரு அண்ணனின் போனில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதற்கு நாமே தேர்ந்தெடுத்து, கூட உட்கார்ந்து பார்ப்பது மேல்.

சாபப் படம், பேய்ப் படம்… ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான வித்தியாசம். சாபத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, ஒரு கெடு உண்டு, வெளியே வர ஒரு வழி உண்டு. நம் புராணங்களில் கோபத்தில் சபிக்கிற முனிவரே, கொஞ்சம் ஆறியதும் விமோசனத்தையும் சொல்லிவிட்டுத்தான் போவார். அகலிகை கல்லாய்க் கிடந்தாலும், ராமன் வருவான் என்பது கேட்கிற பிள்ளைக்குத் தெரியும்.

நல்ல குடும்பப் படங்களும் அப்படித்தான். 1991-இல் வந்த டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில் ரோஜாவின் கடைசி இதழ் உதிர்வதற்குள் மிருகம் ஒருத்தியை நேசிக்கவும், அவளால் நேசிக்கப்படவும் வேண்டும். அவ்வளவுதான் விதி. ஐந்து வயதுப் பிள்ளையால்கூட அதைப் பிடித்துக்கொள்ள முடியும். "இன்னும் எத்தனை இதழ் இருக்கு?" என்று எண்ணத் தொடங்கிய குழந்தை பாதிப் பயத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். பெரியவர்களுக்கான திகில் படம் இதற்கு நேர் எதிர். பேய் ஏன் வந்தது, எப்போது போகும் என்பது கடைசி வரை பிடிபடாது. போய்விட்டது என்று நம்பும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீளும்.

அதனால் என் சோதனை இது: சாபம் எப்படித் தீரும் என்பதை ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்தப் படத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கலாம்.

எத்தனை வயசுலேர்ந்து காட்டலாம்?

நாலு வயது வரை வேண்டாம். ஐந்திலிருந்து ஏழு வரை பாட்டும் நிறமும் சிரிப்பும் கலந்த சாபக் கதைகள். எட்டிலிருந்து பத்து வரை, கீழே சொல்லப்போகும் 'கோரலைன்' மாதிரியானவை. அதற்கு மேல் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். இது என் கணக்கு, சட்டம் கிடையாது.

வயதைவிட உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்பதைப் பாருங்கள். எலும்புக்கூட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும் பிள்ளை, கதவு தானாகச் சாத்திக்கொண்டால் எழுந்து ஓடிவிடும்.

என் பொண்ணுக்கு ஆறு வயசு. முதல் படமா எதைப் போடுறது?

'கோகோ'. பிக்சார் என்ற அனிமேஷன் நிறுவனம் 2017-இல் எடுத்தது, மெக்சிகோவில் இறந்தவர்களை நினைவுகூரும் திருநாளில் நடக்கிற கதை. இசையே கூடாது என்று தடை போட்டிருக்கும் குடும்பத்தில் பிறந்த மிகேல் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், செத்துப்போன ஒரு பெரிய பாடகரின் கல்லறை மண்டபத்தில் மாட்டியிருக்கும் கிட்டாரை எடுத்து ஒரு முறை மீட்டுகிறான். இறந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய நாளில் அவர்களிடமிருந்து எடுத்ததால் சாபம். உயிரோடு இருப்பவர்கள் கண்ணுக்கு அவன் தெரிவதில்லை. விடிவதற்குள் குடும்பத்தில் இறந்துபோன யாராவது ஒருவரின் ஆசி கிடைத்தால் திரும்பலாம். இல்லாவிட்டால் அங்கேயே எலும்புக்கூடாகிவிடுவான். ஆசி கொடுக்க எள்ளுப்பாட்டி தயார், ஆனால் "இனிப் பாட்டே கூடாது" என்று நிபந்தனை போடுகிறாள். மொத்தப் படமும் இந்த முடிச்சில்தான் நிற்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இதில் அந்நியமாக எதுவும் இருப்பதில்லை. தாத்தா பாட்டி படத்தை வைத்து, பிடித்த பண்டத்தைப் படைத்து, அவர்கள் வந்து போவதாக நினைப்பது நமக்கும் பழக்கம்தானே. இரண்டு உலகத்துக்கும் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பாலம் முழுக்கப் பூ இதழ்கள். அந்தப் பூ நம் பூக்கடையில் கிலோ கணக்கில் விற்கும் அதே செண்டுமல்லி. அதன் பூர்வீகமே மெக்சிகோதான். அமாவாசைக்கு வாங்கி வந்த பூவை எடுத்துக் காட்டினால், எலும்புக்கூடுகளோடு உங்கள் பெண் சிநேகமாகிவிடுவாள்.

இரண்டு இடங்களில் மட்டும் பக்கத்தில் இருங்கள். நினைக்க ஆளில்லாமல் போன ஒரு கிழவர் தங்கத் தூளாய் உதிர்ந்து மறையும் காட்சி ஒன்று. ஒருவர் நண்பனையே விஷம் வைத்துக் கொன்றது தெரியவரும் காட்சி இன்னொன்று. மிகேலின் விரல்கள் எலும்பாக மாறுவது பயமுறுத்தும் என்று பெரியவர்கள்தான் கவலைப்படுகிறோம், குழந்தைகள் அதை வேடிக்கையாகத்தான் பார்க்கிறார்கள்.

பிஜி, யு/ஏ 7+ அப்படின்னெல்லாம் போட்டிருக்கே, அதை நம்பலாமா?

ஓரளவு. இந்தியாவில் முன்பு யு, யு/ஏ, ஏ என்று பொத்தாம்பொதுவாக இருந்தது. 2021-இல் வந்த விதிகள் ஓடிடி தளங்களுக்கு வயதுவாரியான பிரிவைக் கொண்டுவந்தன. 2023-இல் சினிமா சட்டத்தைத் திருத்தி, தியேட்டர் படங்களுக்கும் யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்த எண்களுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவர் துணையோடு பார்க்க வேண்டும் என்பது பொருள். பார்க்கவே கூடாது என்பதில்லை.

அமெரிக்காவின் பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) முத்திரையில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய பிஜியும் இப்போதைய பிஜியும் ஒன்றல்ல. 1982-இன் 'போல்டர்கைஸ்ட்' பிஜி படம்தான், அதில் ஒருவர் கண்ணாடி முன் நின்று தன் முகத்துச் சதையைப் பிய்த்தெடுப்பதாக ஒரு காட்சி வரும். 1984-இல் 'கிரெம்லின்ஸ்', 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' இரண்டும் பிஜி முத்திரையோடு வந்து பெற்றோர்கள் கொதித்த பிறகுதான், அதே ஆண்டு ஜூலையில் பிஜி-13 (பதின்மூன்றுக்குக் கீழே என்றால் கூடுதல் எச்சரிக்கை) என்ற பிரிவே உருவானது. ஆகவே 1984-க்கு முந்தைய பிஜி படமென்றால் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

கார்ட்டூன்தானே, அதுல என்ன பெரிய பயம்?

இந்த நம்பிக்கையை உடைக்க 'கோரலைன்' ஒன்று போதும். ஹென்றி செலிக் இயக்கி 2009-இல் வந்தது. பொம்மைகளைத் துளித்துளியாக நகர்த்திப் படம் பிடித்துச் செய்தது. புது வீட்டில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் நுழைந்தால் இதே வீடு, இதே அம்மா. ஆனால் இந்த அம்மா ருசியாகச் சமைக்கிறாள், திட்டுவதே இல்லை. அவளுக்குக் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொத்தான்கள். இங்கேயே தங்கிவிடு, உன் கண்ணிலும் பொத்தான் தைத்துக்கொண்டால் போதும் என்று அன்பாகச் சொல்கிறாள். மேசையில் ஊசியும் நூலும் தயாராக இருக்கின்றன.

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே மிகச் சிறப்பாக எடுக்கப்பட்ட படம் இதுதான். ஆனால் எட்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். ஊசி விரல்கள் ஒரு துணிப் பொம்மையைப் பிரித்து, வாயைக் கத்தரித்து, மறுபடி தைக்கும் தொடக்கக் காட்சியை மட்டும் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். அதை ரசித்தால் மேலே போகலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த வருடம் பார்க்கலாம், படம் எங்கேயும் போய்விடாது.

ஸ்பிரிட்டட் அவே பார்த்துட்டு பையன் தேம்பித் தேம்பி அழுதான். அதுல பேயே கிடையாதே?

பேயைவிடப் பெரிய பயம் அதில் இருக்கிறது. இயக்குநர் மியாசாகியின் இந்த ஜப்பானியப் படத்தில் (2001) பத்து வயது சிஹிரோவின் அப்பா அம்மா தெய்வங்களுக்கு வைத்த சாப்பாட்டை அள்ளி அள்ளித் தின்று, அவள் திரும்பி வந்து பார்க்கும்போது பன்றிகளாகியிருக்கிறார்கள். அவள் கூப்பிடுகிறாள், அவர்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. உங்கள் பையன் அழுதது அங்கேதான் என்று நினைக்கிறேன். கோரலைனிலும் உண்மையான பயம் பொத்தான் இல்லை, அம்மா வேறு ஆளாகிவிட்டாள் என்பதுதான்.

ஆனால் இது தள்ளிவைக்க வேண்டிய படம் இல்லை. மந்திரக்காரி யுபாபா அவள் பெயரையே பிடுங்கிக்கொண்டு 'சென்' என்று வேறு பெயர் வைக்கிறாள். சொந்தப் பெயரை மறந்தால் வீடு திரும்ப முடியாது. விதி தெளிவாக இருக்கிறது பாருங்கள். "அப்பா அம்மாவை அவள் கண்டுபிடிச்சிடுவா" என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள். முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்பது பெரியவர்கள் கவலை. பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கவலை கிடையாது.

பெரியவனுக்குப் பதினொண்ணு, சின்னவளுக்கு அஞ்சு. ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி?

'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' (1993). 76 நிமிடம்தான், பாட்டு நிறைய. டிம் பர்ட்டன் படம் என்றே எல்லோரும் சொல்வார்கள், தலைப்பிலும் அவர் பெயர்தான், ஆனால் இயக்கியது மேலே சொன்ன ஹென்றி செலிக். வில்லனின் சாக்குத் துணி உடம்பு பிரிந்து உள்ளே புழு பூச்சியாய் நெளியும் காட்சியில் சின்னவளின் கண்ணைப் பொத்திவிடுங்கள். பெரியவன் பொத்த விடமாட்டான்.

பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் போடலாமா? எல்லாரும் கேக்குறாங்க.

முதல் பாகம் (2003) அருமையான சாபக் கதை. 882 அஸ்டெக் தங்கக் காசுகளையும் திருப்பி வைத்து, ரத்தமும் சிந்தினால்தான் விடுதலை. அதுவரை எதைத் தின்றாலும் ருசி இல்லை, நிலா வெளிச்சம் பட்டால் எலும்பு தெரியும். ஆனால் டிஸ்னி தன் பெயரில் வெளியிட்ட முதல் பிஜி-13 படம் அது. கத்திச் சண்டையும் கொலையும் உண்டு, நீளமும் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். பத்து, பதினொன்று வயதுக்கு மேல் சரி.

காஞ்சனா, சந்திரமுகி எல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியிலேயே போடுறாங்க. அதைப் பார்க்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

டிவியில் போடுவதால் குழந்தைப் படம் ஆகிவிடாது. 'சந்திரமுகி'யில் (2005) கடைசியில் பேயே இல்லை, மனநோய் என்று விளக்கம் வந்துவிடும். அது பரவாயில்லை. 'காஞ்சனா' (2011) ஒரு திருநங்கைக்கு மரியாதை கொடுத்த விதத்தில் எனக்குப் பிடித்த படம். ஆனால் அவரைக் கொல்லும் காட்சியும் அதற்கான பழிவாங்கலும் சின்னப் பிள்ளைகளுக்கானவை இல்லை. நம் பேய்ப் படங்கள் பெரும்பாலும் பழிக் கதைகள். பழி தீர்ந்தால் பேய் போய்விடும், சரி. பழி தீர்வது என்றால் நாலு கொலை.

நம் பக்கத்திலேயே வேண்டுமென்றால் 'பட்டணத்தில் பூதம்' (1967) இருக்கிறது. ஜாடிக்குள் அடைபட்ட பூதமாக ஜாவர் சீதாராமன் வருவதைப் பார்த்து இப்போதைய பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். மலையாள 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) இந்தியாவின் முதல் 3டி படம். மந்திரவாதியின் மந்திரக் கட்டுக்குள் மாட்டிய குட்டிச்சாத்தானைப் பிள்ளைகளே விடுவிக்கும் கதை, நான் சொல்லும் விமோசனக் கணக்குக்கு அச்சாகப் பொருந்தும். இந்தியில் விஷால் பரத்வாஜின் 'மக்டீ' (2002): பாழடைந்த மாளிகையில் சூனியக்காரியாக ஷபனா ஆஸ்மி, கோழியாக்கப்பட்ட தங்கையை மீட்கப் போராடும் அக்கா. தேடிப்பிடித்துப் பாருங்கள்.

ஹோகஸ் போகஸ்ல மெழுகுவத்தி ஏத்துறதைப் பத்தி ஒரு வார்த்தை வருதே… பிள்ளை அர்த்தம் கேட்டா?

1993-இல் வந்த இந்தப் படத்தில், தூக்கிலிடப்பட்ட மூன்று சூனியக்கார சகோதரிகள் முந்நூறு வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். கன்னி கழியாத ஒருவர் ஒரு குறிப்பிட்ட மெழுகுவர்த்தியை ஏற்றினால் வருவார்கள் என்பது நிபந்தனை. ஏற்றுவது ஒரு பள்ளிப் பையன். அதை வைத்துப் படம் முழுக்கக் கிண்டல் வேறு. "கல்யாணம் ஆகாதவங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு பேசும் பூனையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஆரம்பப் பத்து நிமிடங்கள். ஒரு சிறுமியின் உயிரை அவர்கள் உறிஞ்சி எடுப்பதும், காப்பாற்ற வந்த அண்ணனைச் சாகாவரம் பெற்ற கறுப்புப் பூனையாகச் சபிப்பதும் அங்கேதான். அதைத் தாண்டினால் மீதி கலாட்டாதான்.

சூனியக்காரின்னு பெண்களைக் காட்டிப் பயமுறுத்துறது தப்பில்லையா?

நியாயமான கேள்வி. ஹோகஸ் போகஸ் நடக்கும் சேலம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் ஊர். 1692-இல் அங்கே சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வாய் திறக்க மறுத்த ஒரு முதியவரைக் கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். இவளுடைய ஆவி என் முன் வந்து கிள்ளியது என்பதையெல்லாம் நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொண்டது. அப்படிச் செத்தவர்கள் யாரும் சூனியக்காரிகள் இல்லை, சாதாரண மனிதர்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் அந்தப் படத்தைப் போடுவது எனக்கு உறுத்துகிறது. எங்கோ அமெரிக்காவில் என்றும் ஒதுக்க முடியாது. சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களை வதைப்பதைத் தடுக்க பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்தக் கேள்விக்குப் படமாகவே பதில் வேண்டுமென்றால் 'பாராநார்மன்' (2012). இறந்தவர்களைப் பார்க்க முடிகிற பையன் நார்மன். ஊரையே ஆட்டிவைக்கும் சூனியக்காரியின் சாபம் என்று எல்லோரும் சொல்வதன் பின்னால் இருப்பது ஒரு சின்னப் பெண். அவளுக்கும் நார்மன் மாதிரியே ஆவிகள் தெரிந்தன, அதற்குப் பயந்துபோய் ஊர்ப் பெரியவர்கள் தண்டித்தார்கள். கல்லறையிலிருந்து எழுந்துவரும் பிணங்கள் யார் தெரியுமா? தீர்ப்புச் சொன்ன அந்தப் பெரியவர்கள்தான். சபிக்கப்பட்டவர்கள் அவர்கள். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் தாராளமாகக் காட்டலாம். 'மக்டீ'யிலும் சூனியம் என்பது கடைசியில் புதையலுக்காகப் போட்ட வேஷம் என்றுதான் முடியும்.

நடுவுல பயந்துட்டா டிவியை நிறுத்திடலாமா?

நிறுத்தலாம், ஆனால் அங்கேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சாபம் தீராத இடத்தில் படம் நின்றால் அந்தச் சாபம் பிள்ளையோடு படுக்கைக்கு வந்துவிடும். முதலில் சத்தத்தைக் குறையுங்கள். பயத்தில் பெரும்பங்கு பின்னணி இசைதான், ஊமையாக ஓடும் பேய் பெரிதாக மிரட்டுவதில்லை. விளக்கைப் போடுங்கள். அப்புறமும் வேண்டாமென்றால், மீதிக் கதையை நீங்களே வாயால் சொல்லி முடித்துவிடுங்கள்.

சாபம் தீராமலே முடியுற கதை இருக்கா? உங்க சோதனைப்படி அது கூடாதா?

மாட்டிவிட்டீர்கள்! ரோல்ட் டாலின் 'தி விட்சஸ்' நாவலில் எலியாக்கப்பட்ட பையன் கடைசிவரை எலிதான். எலிக்கு ஆயுள் குறைவு, பாட்டியும் இன்னும் கொஞ்ச காலம்தான், ஆகவே இருவரும் சேர்ந்தே போய்விடலாம் என்று அவன் சந்தோஷப்படுகிறான். 1990-இல் வந்த படம் இதற்குத் துணியாமல் அவனை மறுபடி மனிதனாக்கியது. டாலுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. எனக்கும் நாவல்தான் மேல்.

'ஷ்ரெக்'கில் (2001) இன்னொரு திருப்பம். பகலில் மனுஷி, ராத்திரியானால் பூத உருவம் என்று சபிக்கப்பட்ட ஃபியோனா, விமோசனம் கிடைத்ததும் பூத உருவிலேயே நிலைத்துவிடுகிறாள். குழந்தைகள் கைதட்டுகிறார்கள். சோதனையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம்: பாத்திரத்துக்குச் சம்மதம் என்றால் சாபம் தீர்ந்த மாதிரிதான்.

சாபம் நெஜமாவே பலிக்குமான்னு கேட்டா என்ன சொல்ல?

மம்மி படம் பார்த்த எல்லாப் பிள்ளைகளும் கேட்பது இது. பழங்கால எகிப்திய அரசன் துட்டன்காமன் கதையைச் சொல்லுங்கள். 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தார். பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தார். கொசு கடித்த இடம் சவரக் கத்தி பட்டுச் சீழ் வைத்ததுதான் காரணம். அகழாய்வுச் செய்திகளை லண்டன் டைம்ஸ் நாளிதழுக்கு மட்டும் என்று அவர் ஏற்கெனவே விற்றிருந்தார். எழுத ஒன்றுமில்லாமல் நின்ற மற்றப் பத்திரிகைகளுக்குச் சாபம் நல்ல தீனியானது. கல்லறையைத் திறந்த கார்ட்டரோ 1939 வரை உயிரோடு இருந்தார். பத்து வயதுப் பிள்ளை மீதியைத் தானே யோசித்துக்கொள்ளும்.

"நாசமாப் போ"ன்னு பாட்டி கோவத்துல சொன்னாங்க. படம் பார்த்ததுலேர்ந்து அது பலிச்சிடும்னு பேத்தி பயப்படுறா.

இதற்கு கார்ட்டர் கதை வேலை செய்யாது. ஏனென்றால் இங்கே சபித்தவர் பக்கத்து அறையில் இருக்கிறார். நீங்கள் சமாதானம் சொல்வதைவிடப் பாட்டியையே அழைத்து, "கோவத்துல சொன்னேன்டி கண்ணு, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பேத்தியின் கணக்கில் சாபத்தை எடுக்கும் அதிகாரம் கொடுத்தவருக்குத்தான் உண்டு. பாட்டி முறைத்துக்கொண்டு மறுத்தால், இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து 'கோகோ' போடுங்கள். எள்ளுப்பாட்டி நிபந்தனையைக் கைவிடும் இடத்தில் நீங்கள் ஒன்றும் பேச வேண்டியிருக்காது.